டால்ஸ்டாய் பண்ணையில மண் வெட்டினது யாரு?

நேத்து நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க, ஸ்கிரீன்ஷாட்டும் சுத்துது. தென்னாப்பிரிக்காவுல போராட்டக்காரங்க குடும்பங்கள் தங்கின டால்ஸ்டாய் பண்ணையை காந்தி தனி ஆளா உருவாக்கினார்னு போட்டிருந்த பதிவுல, அங்க இருந்த தமிழ்ப் பசங்களைப் பத்தியும் ஒரு வரி எழுதுங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "எங்க போனாலும் தமிழன் கொடியைத் தூக்கிட்டு வந்துடுவீங்களா?"ன்னு பதில், அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. சிரிங்க.

தனி ஆளா இல்லைங்க. 1910ல, அங்க இந்தியர்களை ஒடுக்கற சட்டங்களை எதிர்த்து காந்தி நடத்தின சத்தியாகிரகத்துல ஆம்பளைங்க ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்க, குடும்பங்களை எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னப்ப, ஜோகன்னஸ்பர்க்ல இருந்து 21 மைல்ல லாலி ஸ்டேஷன் பக்கம் 1100 ஏக்கரைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக், யூதர், கட்டடக் கலைஞர். வாடகை வேண்டாம், போராட்டம் முடியறவரை இருந்துக்கோங்கன்னுட்டார். இருந்தது ரெண்டு கிணறு, ஒரு ஊத்து, சுமார் ஆயிரம் பழமரம், ஒரு சின்ன வீடு. மிச்சத்தைக் கட்டினதுல ஒரு கொத்தனாரும் சில தச்சருங்களும் தவிர உழைச்சது அங்க போனவங்கதான், வீட்டு வேலைக்காரங்க கிடையாது. குடியிருந்ததுல 40 பேர் வரைக்கும் இளைஞர்கள், 20, 30 பேர் குழந்தைங்க, வயசானவங்கன்னா ரெண்டு மூணு பேர். இதை இளைஞர் முகாம்னு சொல்லாம வேற என்ன சொல்றது? குஜராத்தி, தெலுங்கு, வடநாட்டுக்காரங்களும் இருந்தாங்க, நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே. ஆனா தமிழ்ப் பேரு வந்தா மட்டும் ஏன் உங்களுக்கு வயித்தெரிச்சல்?

காந்தி அந்தப் பசங்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாரு, ஜி.யு.போப்போட தமிழ்க் கையேட்டைத் தாண்டி அவருக்கே தமிழ் தெரியாது. பேச்சுத் தமிழ்ல பசங்க என்னை ஜெயிச்சுடுவாங்க, இங்கிலீஷ் தெரியாத தமிழங்க வந்தா அவங்கதான் எனக்கு மொழிபெயர்ப்பாளருங்கன்னு மனுஷன் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கறாரு. அவருக்கு இருந்த பெருந்தன்மை அவரோட பக்தர்களுக்கு இல்ல.

எங்க ஊர்ல தாத்தா படிப்பகத்துக்கு அஞ்சு சென்ட் எழுதிக்கொடுத்தாரு. ஊர்ப் பசங்க ராத்திரி ராத்திரியா கல்லு சுமந்து கட்டினது. இன்னைக்குக் கல்வெட்டுல இருக்கறது ரிப்பன் வெட்ட வந்தவர் பேரு மட்டும்தான். கேட்டா "அதெல்லாம் எதுக்கு இப்ப"ங்கறாங்க. இந்த "எதுக்கு இப்ப" எனக்கு சின்ன வயசுல இருந்தே பழக்கம், அதனாலதான் இவ்ளோ கோவம் வருது, சரிதானே?

தலைவர் பேருதான் நிக்கும், அதுதான் இயல்புன்னு ஒருத்தர் பாடம் எடுத்தாரு. நன்றி சார், தெரியாம இருந்தேன். தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களைப் பத்தி காந்தி ஆரம்பத்துல எழுதினது ஞாபகம் இருக்கான்னு இன்னொருத்தர், அது நியாயமான கேள்வி, தனியாவே பேசணும்.

ஆனா பேசறதுன்னா எல்லாத்தையும் பேசுவோம். அந்தப் பண்ணையில ரெண்டு பொண்ணுங்களைப் பசங்க கேலி பண்ணாங்க. காந்தி என்ன செஞ்சாரு? அந்தப் பொண்ணுங்களோட நீளமான முடியைத் தன் கையாலயே வெட்டினாரு. முதல்ல அவங்களும் ஒத்துக்கல, மூத்த பொம்பளைங்களும் ஒத்துக்கல, பேசிப் பேசி சம்மதிக்க வச்சாரு. நான் கட்டிவிட்ட கதை இல்ல, அவரே எழுதி வச்சது. கேலி பண்ணது பசங்க, முடி போனது பொண்ணுங்களுக்கு! இதையும் "தனி ஆளா" கணக்குலயே எழுதிக்கோங்க.

அந்தப் பழைய கட்டடத்தை எல்லாம் பின்னாடி பேர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, அஸ்திவாரம்தான் மிஞ்சுச்சு. போகட்டும். 1913ல, முன்னாடி அந்தப் பண்ணையில இருந்த பொம்பளைங்க 11 பேர், ஒருத்தரைத் தவிர எல்லாரும் தமிழ், சிலர் கைக்குழந்தையோட, நேட்டால் பக்கம் இருக்கற நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்ககிட்டப் பேசினாங்க, வேலைநிறுத்தம் வெடிச்சுது, இவங்களுக்கு மூணு மாசம் ஜெயில். அவங்க பட்டியலும் காந்தி புத்தகத்துல இருக்கு, முக்கால்வாசி திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளைன்னே போகுது. அவங்க சொந்தப் பேரு என்னன்னு நான் கேட்டா அதுவும் தமிழன் கொடியா?