குடிக்காமலே வீசிய தட்டு

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், சாம்பார் வாளியோடு வந்த பையனை நிறுத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “உங்க மாமாவப் பாரு. 17 வருசமாச்சு, ஒரு சொட்டு தொட்டதில்ல. மனக்கட்டுப்பாடு வேணும்டா.” அந்தப் பையனுக்கு 26 வயது. அவன் குடிப்பது அந்த மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் வாயைத் திறந்தார். “அந்தப் பையனக் குனிய வெச்சு என்னை நிமித்தறாங்க கண்ணு. அது தப்பு.”

அன்றிலிருந்து இது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அப்பா கோவைப் பக்கம் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டியவர். சனிக்கிழமை சம்பளம். நான் சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே அம்மா விளக்கு வைத்த கையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குடிகாரர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது அப்பா முதல்முறை குடியை நிறுத்திய 11 மாதங்களைப் பற்றி. மருதமலையில் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். உண்மையிலேயே தொடவில்லை. ஊரே பாராட்டியது. சொந்தக்காரர் சொன்ன அந்த மனக்கட்டுப்பாடு அப்போது அவரிடம் நிறையவே இருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் நான் அவரைக் கண்டு மிக அதிகமாகப் பயந்தது அந்த 11 மாதங்களில்தான். நோட்டு வாங்கக் காசு கேட்டாலும், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் ஒரே பதில்: “நான்தான் குடிக்கறதில்லையே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?” முன்பு குடித்துவிட்டு வீசிய தட்டை இப்போது குடிக்காமலே வீசினார். போதையில் வீசினார் என்று அதுவரை எங்களை நாங்களே சமாதானம் செய்துகொண்டிருந்தோம். அந்தச் சமாதானமும் போனது. பன்னிரண்டாம் மாதம் மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் அடக்கமுடைமை அதிகாரத்தை மனப்பாடம் செய்தவள்தான் நான். பத்துக் குறளில் ஒன்றில்கூடக் கள் பற்றிப் பேச்சில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. கள்ளுண்ணாமை வேறெங்கோ பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக இருக்கிறது. அடக்கத்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று குறளை நாக்குக்குக் கொடுக்கிறார். ‘நாகாக்க’ எல்லோருக்கும் தெரியும். ‘நாவினால் சுட்ட வடு’வும் தெரியும். அவற்றுக்கு நடுவில் இருக்கும் 128ஆவது குறளை யாரும் மேடையில் சொல்வதில்லை.

ஒன்றானுந் தீச்சொல் பொருட்பயன் உண்டாயின்
நன்றாகா தாகி விடும்.

ஒரே ஒரு தீய சொல் விளைவிக்கும் துன்பம் போதும், ஒருவன் சேர்த்துவைத்த நன்மையெல்லாம் நன்மை இல்லாமல் போய்விடும் என்கிறார். எங்கள் வீட்டில் அந்த 11 மாதமும் அப்படித்தான் போனது. ஆசையை அடக்கியவர் அந்த அடக்கத்தையே ஆயுதமாகத் தூக்கிக்கொண்டார்.

அதனால்தான் கட்டுப்பாடு ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் புகழ்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. தனியாக நிற்கும்போது அது வெறும் பலம். பலத்தை யார் மேலும் பிரயோகிக்கலாம்.

இரண்டாவது முறை அப்பாவைப் பட்டறை நண்பர் ஒருவர் ஏஏ கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியில் மூழ்கி மீளத் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் 1935இல் தொடங்கியது. அதன் 12 படிகளை அப்பா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். படித்துப் பார்த்து அசந்துபோனேன். மதுவைப் பற்றிய பேச்சு முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. கடைசிப் படியில், இதே நோயில் கிடப்பவர்களுக்குச் செய்தியைக் கொண்டுபோகச் சொல்லும்போதுதான் மறுபடி வருகிறது. நடுவில் எல்லாம் வேறு வேலை. உன் குற்றங்களைக் கணக்கெடு. அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல். யாருக்கெல்லாம் தீங்கு செய்தாய் என்று பட்டியல் போடு. மேலும் காயப்படுத்தாது என்றால், நேரில் போய் ஈடு செய்.

அப்பாவின் பட்டியலில் முதல் பெயர் அம்மா. அடுத்தது மளிகைக் கடை அண்ணாச்சி. அவர் மறந்தே போயிருந்த பாக்கியைச் சனிக்கிழமைதோறும் 50 ரூபாயாகக் கொடுத்துத் தீர்த்தார். மூன்றாவது, பட்டறையில் கையாளாக இருந்த ஒருவர். போதையில் அவர் சாதியைச் சொல்லி நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார் அப்பா. இந்த விஷயம் எங்களுக்கே அப்போதுதான் தெரியும். அவர் ஊரைத் தேடிப் பேருந்து பிடித்துப் போனார். அந்த மனிதர் வெளியே வரவில்லை. பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்து அப்பா சொன்னார்: “அவர் செஞ்சது நாயம்தான்.” வேறொன்றும் சொல்லவில்லை. என் அப்பா மாறிவிட்டார் என்று நான் நம்பியது அந்த ராத்திரிதான்.

சான்றாண்மையைத் தாங்கும் தூண்கள் ஐந்து என்று ஒரு குறள் சொல்கிறது: அன்பு, தப்புக்குக் கூசும் நாண், பிறருக்கு உதவும் ஒப்புரவு, இரக்கம் என்கிற கண்ணோட்டம், வாய்மை. அடக்கம் அதில் இல்லை. அடக்கம் நிற்பதற்கே இந்தத் தூண்கள்தான் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, என் வீட்டில் கண்டது அதுதான். குறிப்பாக அந்த நாண். ஊர் கொடுத்த அவமானத்துக்கெல்லாம் அப்பா கூடுதலாகத்தான் குடித்தார். தான் செய்ததைத் தானே எழுதிப் பார்த்துக் கூசியபோதுதான் குடி நின்றது. பந்தியில் அந்தப் பையனுக்குக் கிடைத்தது அவமானம். அதனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அரிஸ்டாட்டில் இதில் ஒரு தரவரிசை வைக்கிறார். தப்பான ஆசை எழுந்தாலும் அதை இழுத்துப் பிடிப்பவர் ஒருவகை. அப்படிப்பட்ட ஆசையே எழாத அளவுக்குப் பக்குவப்பட்டவர் இன்னொரு வகை. இரண்டாமவர்தான் மேல். யோசித்தால் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது தட்டை வீசத் தோன்றுவதே இல்லை, அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் குடி விஷயத்தில் நான் அரிஸ்டாட்டிலோடு உடன்படமாட்டேன். 17 வருடம் கழித்தும் மழை பெய்கிற சனிக்கிழமைகளில் அப்பா எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நடக்கிறார். ஆசை சாகவில்லை, அது நோய். அதோடு மல்லுக்கட்டும் ஆளை இரண்டாம் இடத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அம்மாவை ‘அடக்கமான பொம்பளை’ என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் புகழ்கிறார்கள். அம்மா பொறுத்துக்கொண்டது போக்கிடம் இல்லாததால். அதற்கு அடக்கம் என்று பெயர் வைப்பது அநியாயம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அடக்க ஒடுக்கத்தைப் போதிக்கிறவர்கள், ‘எல்லார்க்கும் நன்றாம் பணிதல்’ என்ற குறளின் முதல் சொல்லையாவது ஒருமுறை படிக்க வேண்டும். எல்லார்க்கும்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அப்பா அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். குடியைப் பற்றிப் பேசவில்லையாம். பந்தியில் நடந்ததற்கு, அங்கேயே வாயைத் திறக்காமல் இருந்ததற்கு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தான் எங்கே போகிறேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு அவன் வந்தான். உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரமும் வெளியே புளியமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தானாம். அப்பா கடைசியில் இரண்டு டீயோடு வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவன் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது, “அடுத்த வாரமும் இதே நேரமா மாமா?” என்று கேட்டானாம்.