மணலும் நடித்த படம்

மௌனப்படக் காலத்துப் பாலைவனக் காதல் என்றாலே எல்லோரும் ஹாலிவுட் நடிகர் வாலண்டினோவின் ஷேக் படங்களைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே பாலைவனம் வெறும் படுதா. மணல் வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணின் மனசைக் குலைப்பதைப் பார்க்க வேண்டுமானால், 1928இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ வெளியிட்ட ‘தி விண்ட்’ பாருங்கள். இயக்கம் விக்டர் ஸ்யோஸ்ட்ரோம், நாயகி லில்லியன் கிஷ்.

கதை நடப்பது மேற்கு டெக்சாஸில், எடுத்தது கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில். காற்றுக்கு எட்டு விமான ப்ரொப்பெல்லர்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது, அது கிளப்பும் தூசிதான் தெரியும். வெளிச்சம் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்து விழுந்தால்தான் அந்தத் தூசி மின்னும். முன்னாலிருந்து அடித்தால் எல்லாம் வெளுத்துப்போய் வெறும் மூட்டமாகிவிடும். அந்த வேகத்தில் வரும் மணல் தோலில் ஊசியாகக் குத்தும். படக்குழு கண்ணாடி போட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டது. கிஷ் அப்படிச் செய்ய முடியுமா? முகம் தெரிய வேண்டுமே!

வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 49 செல்சியஸ். பிலிம் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். சூட்டில் இளகி, சுருண்டு, உரிந்துவிடும். அதனால் பிலிமைக் குளிரூட்டிப் பாதுகாக்க வேண்டியிருந்தது. இன்னொரு தொல்லை, கேமராவுக்குள் பிலிம் நழுவிப்போகும் ‘கேட்’ என்ற இடுக்கில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்தச் சுருள் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல் விழும்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தில் என்னை உலுக்குவது புயல் காட்சி அல்ல, முதலிரவு. நாயகிக்குப் பிடிக்காத கல்யாணம். கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. அவனுடைய கனத்த பூட்ஸ் நடக்கிறது, நிற்கிறது, திரும்புகிறது. அவளுடைய கால்களும் அப்படியே. முகமே காட்டாமல் இரண்டு பேரின் தவிப்பையும் சொல்லிவிடுகிறார்கள். அவன் ஆசையாகக் கொடுத்த காபியை அவள் குடிக்காமல் ரகசியமாகக் கொட்டிவிடுவதும், அது அவனுக்குத் தெரியவரும்போது அவன் முகம் போகும் போக்கும்! கணவனாக வரும் லார்ஸ் ஹான்சன் அங்கே பெரிய நடிகர்.

காற்றை வெள்ளைக் குதிரையாகக் காட்டுவது இரட்டைப் பதிவு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவம் மட்டும் பிலிமில் பதியும், கறுப்பு பதியாது. அதே பிலிமில் மேகத்தையும் ஏற்றிவிடலாம்.

பார்க்கிறவர்களுக்கு ஒன்று. வெளியானபோதே இசையும் காற்றுச் சத்தமும் சேர்த்த பிரதி வந்தது. அது வேண்டாம். ஆடும் விளக்கும், ஜன்னலில் அறையும் மணலுமே போதும், காதில் தானாகக் கேட்கும். கார்ல் டேவிஸ் இசையமைத்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். சம்பந்தமில்லாத பியானோ ஒட்டிய பிரதிதான் கிடைத்தது என்றால் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

மூலநாவலில் அவள் புத்தி பேதலித்துப் புயலுக்குள் போய்விடுகிறாள். படத்தில் சுபமுடிவு. அதைப் பலர் குறை சொல்கிறார்கள், கிஷ்ஷே சொன்னார். நான் அந்தப் பக்கம் இல்லை. படம் முழுக்கக் கதவைச் சாத்தவே போராடியவள், கடைசியில் அதைத் திறந்துபோட்டு, அவனோடு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறாள்.