மோர்ப் பந்தலுக்கு வந்த கையெழுத்து நோட்டு

ஊர்ப் பொங்கல் முடிந்து நேற்றிரவுதான் திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அடுத்த பொங்கலுக்குச் சமாதானம் ஆகிக்கொள்ளலாம்.

விருதுநகர்ப் பக்கம், நாலு தெருவும் ஒரு கண்மாயும் உள்ள ஊர். சித்திரையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் முளைப்பாரி, அக்கினிச்சட்டி, மாவிளக்கு என்று எல்லோரும் கோயில் வாசலில்தான் கிடப்போம். இந்தத் தடவை சாமியைவிட ஊராட்சித் தேர்தலைப் பற்றித்தான் பேச்சு அதிகம். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான் எல்லாம். ஊருக்குத் தலைவர் இல்லை. பந்தலுக்கு ஒரு தலைவர் முளைத்திருக்கிறார். எதிரும் புதிருமாக இரண்டு நீர்மோர்ப் பந்தல்கள். எந்தப் பந்தலில் டம்ளரைக் கையில் வாங்கினோம் என்பதை வைத்தே நம் ஓட்டைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அம்மா இரண்டிலும் குடித்தாள். வெயிலுக்குக் கட்சி கிடையாதாம்.

கோயில் முகப்பை மறைத்து ஒரு பேனர். ஊராட்சி இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று ஒரு பேச்சு. ஆகவே கணவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நிற்கிறார். போட்டியிடப் போகிற மதினி அவருடைய முழங்கைக்குக் கீழே, பாஸ்போர்ட் அளவுப் படத்தில். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று தமிழ்நாட்டில் 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. பேனர் அடித்தவருக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

விழாக் கமிட்டியை நான் குறை சொல்லமாட்டேன் என்று நினைக்க வேண்டாம். தலைக்கட்டு வரி 2,000 ரூபாய். கணவரை இழந்தவர் வீட்டுக்குப் பாதி. அதைச் சலுகை என்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் பேசும் உரிமையில் அந்தப் பாதிகூட அம்மாவுக்குக் கிடையாது. முதல் மரியாதை யாருக்கு என்பதை இன்றும் தாத்தாக்களின் பெயரைச் சொல்லித்தான் தீர்மானிக்கிறார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொங்கல் முடிந்த மறுநாளே வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ரேடியோ செட், கரகாட்டம், வாணவெடி, கடைசி வரியில் 'கருவேப்பிலை ரூ. 40'. போன வருடம் அந்த நாற்பதுக்குத்தான் என் சித்தப்பா அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார். "யார் வீட்டு மரத்துக் கருவேப்பிலைக்கு நாற்பது ரூபாய்?"

அதே சித்தப்பாவைத்தான் மே 1-ஆம் தேதி பார்த்தேன். அன்று மஞ்சள் நீராட்டு. கிராம சபையும் அன்றுதான். 501 முதல் 3,000 பேர் வரை இருக்கும் ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேராவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் எட்டிப் பார்த்தபோது ஊராட்சி அலுவலக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்குக் கலையாமல் இருந்தன. மேல்நிலைத் தொட்டி மோட்டார் பழுதாகி மூன்று வாரம். வீட்டுக்கு வீடு போட்ட குழாயில் காற்று வருகிறது. இதையெல்லாம் கேட்க வேண்டிய சபை அது. கேட்கத் தெரிந்த அத்தனை பேரும் மோர்ப் பந்தலில் நின்று, அடுத்த தலைவர் யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்குக் கிராம சபையின் கையெழுத்து நோட்டே பந்தலுக்கு வந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் தெறித்த விரலோடு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சித்தப்பா ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டே, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டார்.

நோட்டு அம்மாவிடம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

"தீர்மானம் எங்கே இருக்கிறது?"

"அதை அப்புறம் எழுதிக்கொள்வோம் அத்தை. நீங்கள் போடுங்கள்."

அம்மா பேனாவை மூடி அந்தத் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள். "எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டு வா. வரும்போது ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வா."