மொத்தத் தொகைக்குத் துரு வேலை பேசாதீர்கள்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு தொகை சொன்னார்கள். ஒப்புக்கொண்டு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் விளைவாக என் வண்டியை இரண்டு முறை வெட்ட வேண்டியதாயிற்று. துருப் பிடித்த பாடியின் டிங்கர் வேலையை மொத்தத் தொகைக்குப் பேசவே கூடாது, நாள் கூலிக்குத்தான் பேச வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து. சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய வண்டிகளை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இந்த மழைக்காலம் முடிந்ததும் வேலையைத் தொடங்கப் போவதாகச் சொல்லியிருப்பதால், என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான, இரண்டு இருக்கைகளும் மடக்குக் கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதை வாங்கி, லாரியில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மெல்ல இறக்கி சேலம் அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அதன் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்பாசிடர் பார்த்துப் பழகிய கைக்கு அது அரை நாளில் பிடிபட்டுவிடும். பாடிதான் வேறு கதை. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாகச் சேர்த்துப் பற்றவைத்த பாடியே சேஸிஸின் வேலையையும் செய்கிறது.

அந்தப் பெட்டிகளில் முக்கியமானது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளும் சில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு படிக்கட்டு விளிம்பு போலத் தோன்றும். உள்ளே வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, தரையோடு சேரும் உள்தகடு, அடியில் கோட்டை மதில் போல மடிந்த ஒரு நீளத் தகடு என நான்கு பகுதிகள் சேர்ந்துதான் அந்தப் பெட்டி உருவாகிறது. கூரை இல்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் பிரியாமல் பிடித்திருப்பதில் இந்த இரண்டு சில்களுக்கும்தான் பெரும்பங்கு. அவை உள்ளுக்குள் அரித்துப் போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை: ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கும்போது, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து மேற்பக்கம் குறுகினாலோ, கதவு சிக்கிக்கொண்டு திறக்க மறுத்தாலோ, சில்லின் வலு போய்விட்டது என்று பொருள்.

ஏற்காட்டில் கடற்காற்று இல்லையே, இவ்வளவு துரு எப்படி வந்தது என்று பலர் கேட்டார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு வேகமெடுக்கும் என்பார்கள். சேர்வராயன் மலையில் மாதக்கணக்கில் பனிமூட்டம் இறங்கும் இடத்தில், மண்தரைக் கொட்டகைக்குள், பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டு நின்ற வண்டி அது. இரவில் குளிர்ந்த தகட்டின் மேல் விடியற்காலை ஈரம் முத்து முத்தாகக் கோர்க்கும். உறை அதை உலர விடாது. அதே கொட்டகையின் மூலையில் பொட்டாஷ் உர மூட்டைகளையும் அடுக்கியிருந்தார்கள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவு. அந்தத் தூசி படிந்த தகட்டுக்குக் கடல் பக்கத்தில் இல்லை என்பதால் எந்த ஆறுதலும் இல்லை.

இதைவிட மோசமானது, உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் போனது. முன் கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் ஜன்னல் ஒன்று உண்டு. அதில் விழும் மழைநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கீழே வடிய வேண்டும். தோட்டத்துச் சில்வர் ஓக் இலைகள் மக்கி அந்தக் குழாயை முழுவதுமாக அடைத்திருந்தன. நீர் நிரம்பி உள்ளே வழிந்து, கால் வைக்கும் இடத்தில் தேங்கி, தரைத்தகட்டைச் சல்லடையாக்கியிருந்தது. முன் மட்கார்டுக்குள் சக்கரம் வாரியடித்த செம்மண், ரப்பர் பட்டை பொடிந்துபோன இடுக்கு வழியே புகுந்து, சில்லின் முன்முனையில் கெட்டித்து உட்கார்ந்திருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தாங்கும் கூடுகளை ஆசிட் தின்றிருந்தது. பானட் மட்டும் தப்பித்தது. அந்த ஆண்டு வண்டிகளில் அது அலுமினியம்.

இந்த நிலையில்தான் முதல் பட்டறைக்கு மொத்தத் தொகை பேசி வண்டியை விட்டேன். இரண்டு மாதத்தில் கண்ணாடி போல மின்னும் சிவப்பு நிறத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம். பதினான்கு மாதம் கழித்து வலது சில்லின் பின்முனையில் ஒரு கொப்புளம் எழும்பியது. விரலால் அழுத்தியபோது உள்ளே போனது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில்லின் மேல் நகர்த்திப் பார்த்தேன். ஒட்டிய இடத்தைவிட ஒட்டாத இடமே அதிகம். பெயிண்டைச் சுரண்டி, விரல் கனத்துக்குப் பூசியிருந்த பட்டியை உடைத்தபோது, ஃபைபர் துணியும் அதற்குப் பின்னால் அணைகொடுக்கத் திணித்த செய்தித்தாளும் வெளியே வந்தன. அந்தத் தாள் ஈரமாக இருந்தது. பட்டி ஈரத்தை உறிஞ்சும், தாள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சமிருந்த நல்ல தகடும் அந்த ஈரத்தோடு பதினான்கு மாதம் குடியிருந்திருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபத்தைவிட வருத்தமே பெரியது. கொட்டகையிலிருந்து இறக்கியபோது காப்பாற்றியிருக்கக்கூடிய உள்தகட்டின் ஒரு பகுதி, நான் காசு கொடுத்துச் செய்வித்த வேலையால் போய்விட்டது.

நிதானமாக யோசித்தபோது, அந்தப் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று பட்டது. துரு எவ்வளவு என்பது வெளித்தகட்டை வெட்டித் திறக்கும் வரை எவருக்கும் தெரியாது. திறக்கும் முன்பே ஒரு தொகையைச் சொல்லச் சொன்னது நான். அந்தத் தொகைக்குள் கூலி, தகடு, கேஸ், பெயிண்ட், பட்டறை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். உள்ளே எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு துரு இருந்தால், ஒவ்வொரு அங்குலம் வெட்டுவதும் அவர்களுக்கு நட்டம். ஒவ்வொரு அங்குலம் மூடுவதும் லாபம். நேர்மையானவரைக்கூட மூடும் பக்கம் தள்ளுகிற பேச்சு அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் ஊரில் வண்டியின் உரிமையாளர் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் பெயிண்ட் அடித்த பிறகுதான். அவர் பார்ப்பது நிறத்தை, பாராட்டுவது பெயிண்டரை. எட்டு நாள் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பற்றவைத்தவரின் வேலையை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

இரண்டாம் முறை கொண்டலாம்பட்டிப் பக்கம் தனியாக வேலை செய்யும் ஒரு மூத்த டிங்கர் அண்ணனிடம் போனேன். பழக்க தோஷத்தில் மறுபடியும் மொத்தத் தொகை கேட்டேன். "திறந்து பாக்காம நான் எப்படித் தம்பி சொல்றது? நாள் கூலி குடுங்க. சாயங்காலம் வந்து இன்னிக்கு என்ன வெட்டுனேன்னு பாருங்க. புடிக்கலைன்னா அடுத்த நாளே நிறுத்திக்கலாம்" என்றார். அவர் சொன்ன முறையில்தான் வலது பக்கம் முழுவதும் நடந்தது.

வெட்டும் முன்பே அவர் செய்த காரியம் எனக்கு ஒரு பாடம். கதவின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே சதுரக் குழாய்களைக் குறுக்கே பற்றவைத்து, பாடியை நான்கு இடங்களில் சமமாகத் தாங்கு கொடுத்து, கதவைப் பொருத்தி, சந்து மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை தாங்குகளை ஏற்றி இறக்கினார். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. இதைச் செய்யாமல் சில்லை வெட்டினால், பாடி தொய்ந்த நிலையிலேயே புதிய தகடு பற்றவைக்கப்பட்டு, வண்டி ஆயுள் முழுவதும் கோணலாகவே இருக்கும். மொத்தத் தொகைக்குப் பேசியிருந்தால் இந்த இரண்டு நாளை எவர் செலவழிப்பார்? ஒரு பக்கம் முழுதாக முடியும்வரை மறுபக்கத்தைத் தொடக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார்.

பிறகு துரு நிற்கும் இடம் வரை அல்ல, நல்ல தகடு தொடங்கி அதற்கு மேலும் ஓர் அங்குலம் வரை வெட்டினோம். சில்லுக்கு 18 கேஜ், தரைக்கு 20 கேஜ் கனத்தில் சி.ஆர். தகடு, அதாவது சூடாக்காமல் உருட்டித் தட்டையாக்கிய இரும்புத் தகடு. கேஸ் வெல்டிங்கின் வெப்பம் பரவித் தகட்டை நெளித்துவிடும் என்பதால் சிஓ2 வெல்டிங், அதாவது கரியமில வாயுவின் காப்பில் மின்சாரத்தால் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது. அதையும் ஒரே ஓட்டமாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, தொட்டால் சுடாத அளவு ஆறவிட்டு மறுபடி ஒரு புள்ளி என்று போனார். முடிந்த இடங்களில் எல்லாம் ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்தார். ஏற்றி ஒட்டினால் இரண்டுக்கும் இடையில் நீர் புகுந்து நிற்கும். அங்கிருந்துதான் அடுத்த துரு தொடங்கும்.

துருவைக் கரைக்கும் வழிகளைப் பற்றிப் பலரும் யோசனை சொன்னார்கள். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னவர்களே அதிகம். உப்பு ஆசிட் துருவை உடனே அரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் மடிப்புகளுக்குள் புகுந்த குளோரைடை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. பாடிக்கு அதை நான் அனுமதிக்கவில்லை. கழற்ற முடிந்த சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த நீரும் பேட்டரி சார்ஜரும் போதும். துருப் பிடித்த பாகத்தை எதிர்முனையில், வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையில் கட்டி ஓர் இரவு விட்டால், செந்துரு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒட்டியிருப்பது சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத் தாதுவைப் போன்ற கருப்பு ஆக்சைடாக மாறி, பிரஷ் போட்டால் கையோடு வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கவே கூடாது, நச்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். கடைகளில் விற்கும் துரு மாற்றிகளில் ஒரு வகை, கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சிய அதே முறையில், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கருநீலமாக மாறுவதை வைத்து வேலை செய்கிறது. மேல்துருவுக்கு அது நல்லது. ஓட்டை விழுந்த தகட்டுக்குக் கனத்தைத் திருப்பித் தர அதனால் முடியாது.

"உருக்காலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் தகட்டையே போட்டுவிடலாமே" என்ற யோசனையும் வந்தது. சேலத்துக்காரருக்கு இயல்பாகத் தோன்றுகிற எண்ணம்தான். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் சாதாரண இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், இணைப்பை ஒட்டிய சாதாரண இரும்பு முன்னைவிட வேகமாக அரிக்கும். ஒட்டு நிலைத்து, பக்கத்திலுள்ள பழைய தகடு போய்விடும்.

வலது பக்கம் மூடும் முன் சில்லின் உட்புறம் துத்தநாகப் பிரைமர், மூட்டுகளில் சீலர், பெயிண்டுக்குப் பிறகு வடிகால் துளை வழியாக நீண்ட குழாயை விட்டு, சூடாக்கி இளக்கிய மெழுகு. சேலத்து மே மாத வெயில் இதற்கு நல்ல உதவி. தகடே சூடாக இருப்பதால் மெழுகு மடிப்புக்குள் தானாக ஓடியது. மெழுகு ஓடி முடிந்ததும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நான் பின்பற்றவில்லை. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். துருவின் மேலேயே தடிமனாகக் கருப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பதும் செய்தித்தாள் திணிப்பதும் எனக்கு ஒன்றுதான்.

நாள் கூலி என்றால் செலவுக்கு எல்லையே இருக்காதே என்று மாதச் சம்பளக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நானும் மாதச் சம்பளக்காரன்தான். வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி இருவருமாகப் பார்த்து அடுத்த வாரத்துக்கு எது என்று முடிவு செய்தோம். கையில் பணம் இல்லாத வாரம் வேலை நிறுத்தம். நின்றுபோன வண்டி கெட்டுவிடாது, உலர்ந்த இடத்தில் நின்றால் போதும். மலை மேல் இருப்பவர்கள் வண்டியைக் கீழே இறக்கிக் காற்றோட்டமான சிமெண்டுத் தரையில், பருத்தித் துணி போர்த்தி நிறுத்தினாலே துருவின் வேகம் பெரிதும் குறையும். பணம் சேரும்வரை காத்திருக்கலாம். மூடி மறைத்த வண்டிக்கு அந்தக் காத்திருப்பு கிடைப்பதில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்கு முழுப் புதிய பாடியை 1988 முதல் இங்கிலாந்தில் செய்து தருகிறார்கள். வசதியுள்ளவர்கள் அதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு 1966இல் பற்றவைத்த தகடு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் மிஞ்ச வேண்டும்.

வலது பக்கத்துக்கு நாற்பத்தொரு நாள் கூலி ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை குறுக்குக் குழாய்களை அறுத்து எடுத்துவிட்டு, ஜாக்கி வைத்து வலது பக்கத்தைத் தூக்கினோம். கதவுச் சந்து அசையவில்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் கதவை நான்கைந்து முறை திறந்து மூடிவிட்டு, குழாய்களை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார்.