ஹைபிரிட்டைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

நியூட்ரலில் போட்டால் ஹைபிரிட்டையும் (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த கார்) கயிறு கட்டி ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் வரை இழுக்கலாம் என்று மேலே எழுதிய அண்ணை, அது பழைய மனுவல் கொரோலாவுக்குச் சரி. பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட்டுக்குச் சரிவராது. இவற்றில் கிளச் இல்லை. முன் சில்லுக்கும் பெரிய மோட்டருக்கும் இடையே பல்லுச்சக்கரத் தொடர்பு எப்போதும் இருக்கும், நியூட்ரல் என்பது காரின் கணினி, மோட்டருக்கு மின்சாரம் விடாமல் வைத்திருப்பது மட்டும்தான், ஒன்றையும் கழற்றி விடாது. சில்லு உருண்டால் மோட்டரும் சுற்றும், உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் மின்சாரம் பிறக்கும், வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டர் எரிந்தால் யார் காசு கட்டுவது?

அவசரத்துக்கு ஓரம் கட்டலாம். டொயோட்டா கைநூலே நல்ல ரோட்டில், குறுகிய தூரத்துக்கு, 30 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே என்றுதான் சொல்கிறது. முழு மின்சாரக் காரான நிசான் லீஃப் என்றால் முன் சில்லு நிலத்தில் உருள இழுக்கவே கூடாது. முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும். நாலு சில்லும் இழுக்கும் வகைக்கு லொறி மட்டும்தான்.

அப்புறம், இழுக்க முதல் சின்ன 12 வோல்ற் பற்றரியைப் பாருங்கள். சாவகச்சேரியடியில் மச்சானின் பிரியஸ் ஒரு வெளிச்சமும் இல்லாமல் நின்றது, பார்க்கிங் பூட்டும் விடவில்லை, ஆளுக்கு ஆள் கயிறு தேடினார்கள். பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்று இருக்கிறது, அதில் ஜம்பர் வயர் கொடுத்ததும் எழும்பிவிட்டது.