ஹெல்மெட்டுக்குள்ள ரேடார் அலெர்ட்: சத்தம் வேணாம், ஒரு சின்ன லைட் போதும்

போன சனிக்கிழமை டெய்ல் ஆஃப் த டிராகன் போயிருந்தோம். நார்த் கரோலைனா - டென்னசி பார்டர்ல யுஎஸ் 129 ரோடு, 11 மைல்ல 318 வளைவு, ஸ்பீட் லிமிட் 30 மைல்தான். போற வழியில கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்துனப்ப ஒரு தம்பி வந்து பேசினாப்ல, ஷார்லட் வந்து ஒரு வருஷம்தான் ஆகுதாம். "அண்ணே, கார்ல இருந்த ரேடார் டிடெக்டரை கழட்டி பைக்ல மாட்டிட்டேன், ஆனா ஒரு பீப் கூட காதுல விழ மாட்டேங்குது, ஹெல்மெட்ல டிரில் பண்ணி ஒரு குட்டி ஸ்பீக்கர் உக்கார வெச்சிரலாமா?"ன்னு கேட்டாப்ல. (டிடெக்டர்ங்கறது போலீஸோட ஸ்பீட் ரேடார முன்னாடியே புடிச்சு எச்சரிக்கற குட்டிப் பெட்டி.) எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. அங்கயே நின்னு அரை மணி நேரம் பேசினேன், ஆனாலும் மனசு ஆறல, அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த பீப் ஏன் கேக்கல? கார் டிடெக்டரோட சத்தம் கண்ணாடி ஏத்தின காருக்குள்ள கேக்குற மாதிரி பண்ணது. ஹைவே ஸ்பீட்ல ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தமே 100 டெசிபல் கிட்ட வந்துரும். நியோஷ்ங்கற அமெரிக்க தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்குப்படி 100 டெசிபல்ல ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் காது தாங்கும், அதனால நாங்க எல்லாரும் இயர்பிளக் போட்டுதான் ஓட்டுறோம், நீங்களும் போடுங்க, போன காது திரும்ப வராது. இயர்பிளக்கும் போட்டு காத்தும் அடிச்சா ஹேண்டில்பார்ல இருக்குற பீப் எப்படி கேக்கும்?

சரி சத்தம் கேக்கலன்னா டிஸ்ப்ளேவ பாத்துக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. 60 மைல் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 88 அடி போகுது. வெயில்ல அந்த ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு உத்துப் பாக்க ரெண்டு செகண்ட் ஆனாலும் 176 அடி ரோட்டை பாக்காமயே ஓட்டியிருக்கோம். மான் குறுக்க வர்ற மலைப்பாதையில அது எவ்ளோ பெரிய ரிஸ்க்! அதனால அலெர்ட் ஹெல்மெட்டுக்கு வரணும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. எப்படி வரணும்ங்கறதுலதான் என் கருத்து வேற.

புளூடூத் இன்டர்காம் இருந்தா ஸ்பீக்கர் வழியா பீப்ப கொண்டு வரலாம், நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, நானும் ஒரு சீசன் பூரா பண்ணேன். பிரச்சனை என்னன்னா இப்ப பாதி கார்கள்ல பிளைண்ட் ஸ்பாட் சென்சார் (கண்ணாடில தெரியாம பக்கத்துல வர்ற வண்டிய காட்டறது) இருக்கு, அதுல நெறைய 24 கிகாஹெர்ட்ஸ்லதான் வேலை செய்யுது, போலீஸ் ரேடாரோட அலைவரிசைகள்ல ஒண்ணான கே பேண்டும் அதே எடம்தான். சூப்பர்மார்க்கெட் ஆட்டோமேட்டிக் கதவு கூட கே பேண்ட் அடிக்கும். டவுனுக்குள்ள போனா காதுக்குள்ள கத்திக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துல மூளை அதை கண்டுக்கறத விட்டுரும், அப்புறம் உண்மையான கேஏ பேண்ட் (போலீஸ் ரேடாரோட இன்னொரு அலைவரிசை) வந்தாலும் கவனிக்க மாட்டோம். அதை விட மோசம், வளைவுல வண்டிய சாய்ச்சிருக்கும்போது திடீர்னு காதுல கத்துனா உடம்பு தூக்கிப் போடுது, கை தானா பிரேக்குக்கு போகுது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, வண்டி நிமிர்ந்து சென்டர் லைன் வரைக்கும் போயிட்டேன், எதிர்ல யாரும் வரல, அவ்ளோதான் நான் தப்பிச்ச காரணம்.

அன்னைலேர்ந்து லைட்டுதான். டிடெக்டரோட இயர்போன் ஜாக்ல ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், ஹெல்மெட்ல ஒரு ரிசீவர், அதுலேர்ந்து வளையற கம்பில ஒரு எல்இடி, வைசர் ஓரத்துல கண்ணோட கடைக்கோடில தெரியற மாதிரி. ரோட்டை விட்டு கண்ணை எடுக்க வேணாம், மினுக்குனா தெரிஞ்சிரும், திடுக்குன்னும் இருக்காது. வேண்டாதப்ப கம்பிய கீழ மடக்கி விட்டுரலாம்.

இப்ப டிரில் விஷயம். தயவு செஞ்சு வேணாம். ஷெல்லுக்கு உள்ள இருக்கறது நம்ம ஊர் தெர்மோகோல் வகைதான், அடிபட்டா அது நசுங்கித்தான் மண்டைய காப்பாத்துது. சூப்பர் குளூ, பெட்ரோல், சால்வென்ட் பட்டா அது கரைஞ்சிரும், பாலிகார்பனேட் ஷெல்லும் கண்ணுக்குத் தெரியாமயே பலவீனமாகும். உங்க ஹெல்மெட் உள்ள லேபிளை படிச்சு பாருங்க, எந்த மாற்றமும் செய்யாதேன்னுதான் போட்டிருக்கும். அமெரிக்க போக்குவரத்துத் துறையோட (டாட்) ஹெல்மெட் ஸ்டாண்டர்டுல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கெட்டியான எதுவும் 5 மில்லிமீட்டர தாண்டக் கூடாதுன்னே இருக்கு. அதனால வெல்க்ரோ, லேசான டேப், இழுத்தா பிச்சுக்கிட்டு வர்ற மாதிரி, அவ்ளோதான். விழுந்தா அது கழண்டு போகணும், கழுத்தை முறுக்கக் கூடாது.

டிடெக்டர் வண்டியிலயே இருக்கட்டும். முன்னாடி மறைக்காம நேரா பாக்கற மாதிரி மாட்டுங்க, சாவி ஆன் பண்ணாதான் 12 வோல்ட் போற ஒயர்லேர்ந்து கரண்ட் எடுங்க, மழைக்கு ஒரு கவர் போடுங்க. பின்னாடி வர்ற சிக்னல் கொஞ்சம் கம்மியா வரும், நம்ம உடம்பே அதை மறைக்குது.

இதை வெச்சுக்கிட்டு பறக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ரேடார் அலை போய் திரும்பணும், நமக்கு ஒரு வழி வந்தா போதும், அதனாலதான் டிடெக்டர் முந்திக்குது. ஆனா போலீஸ் ரேடார அலை விடாம சும்மா வெச்சிருந்து நம்ம வண்டி வந்ததும் பட்டன அமுத்துனா அந்த கணக்கு செல்லாது. லிடார், அதாவது லேசர் ஸ்பீட் கன்னோட பீம் 1000 அடி தூரத்துல சுமார் 3 அடி அகலம்தான், லைட் மினுக்கறப்ப அவர் கையில நம்ம ஸ்பீட் இருக்கும். "அப்ப எதுக்குடா இது, திருட்டு வேலைக்கா?"ன்னு வீட்லயே கேட்டாங்க. இறக்கத்துல வண்டி தானா 10 மைல் ஏறியிருக்கும், அந்த லைட் என்னை ஸ்பீடோமீட்டர பாக்க வைக்குது, எனக்கு அது போதும்.

நார்த் கரோலைனாலேர்ந்து வர்ஜீனியாவுக்கு போற மலை ரோடான புளூ ரிட்ஜ் பார்க்வேல வடக்க போறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. வர்ஜீனியால டிடெக்டர் சட்டவிரோதம். அங்க 85 மைல் வேகத்த தாண்டினாலே ரெக்லெஸ் டிரைவிங், அது சாதா டிக்கெட் இல்ல, கிரிமினல் கேஸ், விசால இருக்கறவங்களுக்கு வயித்துல புளிய கரைக்கும். நான் பார்க்வே ஓரத்துல இருக்கற மைல் கல் 217 கிட்ட, பார்டருக்கு முன்னாடியே நிறுத்தி, ஒயரை புடுங்கி, டிடெக்டரை சைடு பாக்ஸ்ல அடியில வெச்சு பூட்டிருவேன்.

தம்பி, நீங்க இதை படிச்சா வர்ற ஞாயித்துக்கிழமை ஹெல்மெட்டோட வீட்டுக்கு வாங்க, வெல்க்ரோவும் ஒயரும் என்கிட்ட மிச்சம் இருக்கு, அரை மணி நேரத்துல மாட்டிரலாம்.