அன்றும் இன்றும் சரி, நடுவில்?

துபாய் ஷேக் சாயித் சாலையின் இரண்டு படங்களை ஒட்டி ‘அன்று – இன்று’ என்று போடும் பதிவுகள் ஓயாமல் சுற்றுகின்றன. இடப்பக்கம் வெறும் மணல், வலப்பக்கம் கோபுரக் கட்டடங்கள். கீழே, ‘எல்லாம் எண்ணெய்க் காசு, ஒரே ராத்திரியில் முளைத்த ஊர்’ என்று கமெண்டுகள். எனக்கு இந்த ஜோடிப் படங்கள்மேல் கோபமே உண்டு. வேலை நடந்துகொண்டிருந்தபோது எடுத்த படங்களில்தான் அந்த ஊரின் கதை இருக்கிறது.

முதலில் துபாய் ஊருக்குள் புகுந்து ஓடும் கடற்கழியைத் (‘க்ரீக்’) தூர்வாரிய காலத்துப் படங்களைப் பாருங்கள். ஊரின் பிழைப்பே அந்த நீரோட்டம்தான். 1950களில் மணல் மேவி, படகுகள் தரை தட்ட ஆரம்பித்தன. துபாயை ஆண்ட ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கித் தூர்வார வைத்தார். 1961-இல் வேலை முடிந்தது. வாரிய மணலைக் கொட்டிக் கரையோரத்தில் புது நிலம் எடுத்தார்கள். 1963-இல் கழியின் குறுக்கே மக்தூம் பாலம் வந்தது. எண்ணெய் கிடைத்ததோ 1966-இல்! கடன் வாங்கிக் கழியை ஆழப்படுத்திய ஊரை ‘திடீர்ப் பணக்கார ஊர்’ என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் துபாயின் உலக வர்த்தக மையம். 39 மாடி, 1979-இல் திறந்தார்கள். பழைய 100 திர்ஹாம் தாளில்கூட அதன் படம் உண்டு. கட்டி முடித்த காலத்துப் படங்களில் அது ஊரை விட்டு விலகி, மணலுக்கு நடுவே தனியாக நிற்கிறது.

ஆனால் நான் பார்த்த இத்தகைய படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே கட்டடத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். சாரத்தில் நிற்கிறவர்கள் வெறும் ‘தொழிலாளர்கள்’. புர்ஜ் கலீஃபா வேலை உச்சத்தில் இருந்தபோது தளத்தில் ஒரே நாளில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். கோடையில் பகல் சூட்டில் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடும் என்று ஐஸ் கலந்து ராத்திரியில் ஊற்றினார்கள். 828 மீட்டர் என்ற உயரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ராத்திரிகளில் விழித்திருந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

என் பெரியப்பா துபாயில் ஷட்டரிங் கார்பெண்டராக, அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பவராக, இருந்தவர். அவர் வைத்திருந்த ஒரு போட்டோவில் ஐந்து பேர், தலையில் துண்டு, பின்னால் முட்டுக் கொடுத்த பலகைகள். திருப்பினால் நீல மையில் ‘தேரா, 1981’ (தேரா துபாயின் ஒரு பகுதி), கீழே ஐந்து பேரின் பெயரும் ஊரும். எந்த ஆவணக் காப்பகத்துப் படத்தைவிடவும் எனக்கு இதுதான் ஒழுங்கான ஆவணம்.

தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ வீட்டுப் பீரோக்களில் கிடக்கும். எழுபதுகளில் போனவர்களுக்கு இப்போது எழுபது வயசு தாண்டியிருக்கும். படத்தை அவர்கள் கையில் கொடுத்து, இது எந்தக் கட்டடம், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கேன் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், பெயர்களை முதலில் வாங்கிவிடுங்கள்.